மாறிக்குள் என்ன இருக்கிறது?

ஒரு புதிரோடு தொடங்குவோமா?

ஒரு பள்ளி நூலகத்தில் புத்தகக் கணக்கைக் கணினி பார்த்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புத்தகத்தை 14 நாள் வரை வீட்டில் வைத்திருக்கலாம். அதைத் தாண்டினால் கணினி ‘தாமதம்’ என்று சொல்லும். தாண்டாவிட்டால் ‘சரி’ என்று சொல்லும். அதற்கு வேறு வேலையே இல்லை.

12 நாளில் ஒரு புத்தகம் திரும்பி வந்தது. கணினி ‘சரி’ என்றது. 20 நாள் கழித்து ஒன்று வந்தது. ‘தாமதம்’ என்றது. 35 நாள் கழித்து இன்னொன்று. அதற்கும் ‘தாமதம்’. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு மாணவி 9 நாளிலேயே புத்தகத்தைக் கொண்டுவந்தாள். கணினி ‘தாமதம்’ என்றது! அதே வாரம் இன்னொரு மாணவன் 100 நாள் வைத்திருந்த புத்தகத்தைக் கொடுத்தான். அதற்குக் கணினி ‘சரி’ என்றது!

நிரலைத் திறந்து பார்த்தால் அதில் மூன்றே வரிகள்:

வரி 1: நாள்கள் = படிவத்தில் எழுதியதை எடுத்துக்கொள்
வரி 2: வரம்பு = அமைப்புக் கோப்பில் எழுதியதை எடுத்துக்கொள்
வரி 3: வரம்பைவிட நாள்கள் பெரிது என்றால் ‘தாமதம்’ என்று சொல், இல்லாவிட்டால் ‘சரி’ என்று சொல்

எத்தனை முறை படித்தாலும் தவறு கண்ணில் படவில்லை. மேலே படிப்பதற்கு முன் நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

உங்களுக்குச் சில ஊகங்கள் தோன்றியிருக்கும். அமைப்புக் கோப்பில் 14 என்பதற்குப் பதிலாக 8 என்று எழுதிவிட்டார்களோ? அப்படியானால் 12 நாளுக்கும் ‘தாமதம்’ என்று வந்திருக்க வேண்டும், வரவில்லை. வரி 3இல் ‘பெரிது’, ‘சிறிது’ இரண்டும் இடம் மாறிவிட்டனவோ? அப்படியானால் 20 நாளுக்கு ‘சரி’ என்று வந்திருக்கும்; அதுவும் இல்லை. கணினியே கெட்டுவிட்டதோ? பெரும்பாலான பதில்கள் சரியாக வருகின்றனவே!

ஊகித்துக்கொண்டே போனால் பொழுதுதான் போகும். இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை வரி 3இல் அப்படியே நிறுத்திவிட வேண்டும். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, “இந்த நொடியில் ‘நாள்கள்’ என்பதன் மதிப்பு என்ன? ‘வரம்பு’ என்பதன் மதிப்பு என்ன?” என்று கேட்க வேண்டும். இப்படி நிறுத்திக் கேட்க உதவும் கருவியின் பெயர் டீபக்கர். தமிழில் வழுநீக்கி என்றும் சொல்வார்கள். மனிதர்கள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்திவரும் இந்தக் கருவியை இப்போது செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்களும் கையில் எடுத்திருக்கின்றன. நம் நூலகப் புதிரை அப்படி ஓர் ஏஜென்டிடமே கொடுத்துப் பார்க்கப்போகிறோம். அதற்கு முன் சில அடிப்படைகளைத் தெரிந்துகொள்வோம்.

மாறி என்பது என்ன?

‘நாள்கள்’, ‘வரம்பு’ போன்றவற்றை மாறிகள் என்கிறோம். நிரல் தன் வேலைக்குத் தேவையான மதிப்புகளை இந்தப் பெயர்களில் வைத்துக்கொள்கிறது. சமையலறை அலமாரியில் ‘சர்க்கரை’ என்று ஒட்டிய டப்பாவில் யாரோ உப்பைக் கொட்டி வைத்துவிட்டால் என்ன ஆகும்? பெயரைப் படித்துவிட்டுப் பாயசத்தில் போட்டால் பாயசம் கெட்டது! மாறியும் அப்படித்தான். அதற்கு நாம் வைத்த பெயர் ஒன்று. அதற்குள் உண்மையில் இருக்கும் மதிப்பு இன்னொன்று. நிரலைப் படிக்கும்போது நமக்குத் தெரிவது பெயர் மட்டுமே. மதிப்பு என்னவென்று நிரல் ஓடும்போதுதான் தெரியும்.

கணினியின் நினைவகத்தில் இருப்பவை எல்லாம் 0, 1 என்ற இரண்டே குறிகள். அவற்றுக்கு பிட் என்று பெயர். 8 பிட்கள் சேர்ந்தால் ஒரு பைட். ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. ‘நாள்கள்’ என்ற பெயர் நமக்காக. கணினிக்கு அது ஏதோ ஒரு முகவரியில் இருக்கும் சில பைட்கள்.

கண்ணால் பார்த்த நினைவகம்

நினைவகத்தை நேராகவே கண்ணால் பார்க்க முடிந்த ஒரு கணினி இருந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் வில்லியம்ஸ், டாம் கில்பர்ன், ஜெஃப் டூட்டில் ஆகியோர் உருவாக்கிய கணினி அது. அதைச் செல்லமாக ‘பேபி’ என்று அழைத்தார்கள். பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்ததைப் போன்ற ஒரு கண்ணாடிக் குழாய்தான் அதன் நினைவகம். குழாயின் முகப்பில் மின்னேற்றப் புள்ளிகளாகத் தகவலைச் சேமித்தார்கள். ஒரு வரிக்கு 32 பிட், மொத்தம் 32 வரி. ஆக 1024 பிட்கள்தான் அதன் முழு நினைவகம்.

அதே புள்ளிகளை இன்னொரு குழாயின் திரையில் ஒளிரச் செய்தார்கள். நினைவகத்தில் உள்ள ஒவ்வொரு பிட்டும் திரையில் தெரியும்! 1948 ஜூன் 21 அன்று அதில் ஒரு நிரல் 52 நிமிடம் ஓடியது. 2,62,144 என்ற எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்களில், அந்த எண்ணை விட்டுவிட்டுப் பார்த்தால், மிகப் பெரியது எது என்பதுதான் கேள்வி. பேபி ஒவ்வோர் எண்ணாக எடுத்துச் சோதித்து, கடைசியில் 1,31,072 என்ற சரியான விடையைத் திரையில் புள்ளிகளாகக் காட்டியது. மின்னணு நினைவகத்தில் சேமித்து வைத்து ஓட்டப்பட்ட முதல் நிரல் அதுதான்.

1024 பிட்களைத் திரையில் பார்த்துவிடலாம். இன்றைக்கு ஒரு கைப்பேசியின் நினைவகத்தில் இருப்பவை கோடானுகோடி பிட்கள். அவை எல்லாவற்றையும் எந்தத் திரையிலும் காட்ட முடியாது. எனவே வேண்டிய இடத்தில் நிறுத்தி, வேண்டியதை மட்டும் கேட்டுப் பார்க்கும் கலை வளர்ந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினியில் வேலை செய்த ஸ்டான்லி கில், மற்ற நிரல்களைக் கவனிப்பதற்கென்றே சில நிரல்களை எழுதினார். எந்தக் கட்டளைக்குப் பின் எந்தக் கட்டளை நடந்தது என்பதை அவை அச்சிட்டுக் காட்டும். அதைப் பற்றி அவர் 1951இல் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். இன்றைய டீபக்கர்களின் முன்னோடிகளில் ஒன்று என்று அதைச் சொல்லலாம்.

ஓடும் நிரலை எப்படி நிறுத்துவது?

ஒரு நொடியில் நூறு கோடிக்கும் மேல் கட்டளைகளை முடிக்கும் செயலியை, சரியாக நாம் சொன்ன வரியில் எப்படி நிறுத்துவது? இதில் ஓர் அருமையான உத்தி இருக்கிறது.

நிரலின் கட்டளைகளும் நினைவகத்தில் பைட்களாகத்தான் இருக்கின்றன. எந்தக் கட்டளையில் நிறுத்த வேண்டுமோ, அதன் முதல் பைட்டை டீபக்கர் எடுத்து வைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் 204 என்ற எண்ணை எழுதி வைக்கும். நம் மேசைக் கணினிகள் பலவற்றில் இருக்கும் இன்டெல் வகைச் செயலிகளுக்கு, 204 என்ற கட்டளையின் பொருள் ‘இங்கேயே நில்’ என்பதுதான். நிரல் ஓடிவந்து 204ஐத் தொட்டதும் செயலி வேலையை நிறுத்தி இயங்குதளத்திடம் சொல்லும். இயங்குதளம் டீபக்கரை எழுப்பும். டீபக்கர் பழைய பைட்டை அதன் இடத்தில் திரும்ப வைத்துவிட்டு, “நிரல் நின்றுவிட்டது, என்ன பார்க்க வேண்டும்?” என்று நம்மிடம் கேட்கும். இப்படி நிறுத்த வைத்த இடத்துக்கு பிரேக்பாயின்ட் என்று பெயர்.

‘நாள்கள்’ எந்த முகவரியில் இருக்கிறது என்று டீபக்கருக்கு எப்படித் தெரியும்? மனிதர் எழுதிய நிரலைச் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும்போதே, எந்தப் பெயர் எந்த இடத்தில் இருக்கும் என்ற பட்டியலையும் தயாரித்து வைக்கச் சொல்லலாம். டீபக்கர் அந்தப் பட்டியலைப் புரட்டி, முகவரியைக் கண்டுபிடித்து, அங்குள்ள பைட்களைப் படித்து, நமக்குப் புரியும்படி காட்டும். 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய ஜிடிபி என்ற புகழ்பெற்ற டீபக்கர் இப்படித்தான் வேலை செய்கிறது. உலகம் முழுவதும் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

பைத்தான் மொழியில் கதை கொஞ்சம் வேறு. அங்கே நிரலைப் படித்து நடத்திவைக்க ஒரு மொழிமாற்றி கூடவே ஓடிக்கொண்டிருக்கும். அதன் டீபக்கரான பிடிபி, “ஒவ்வொரு வரிக்கும் முன்னால் என்னிடம் சொல்” என்று அந்த மொழிமாற்றியிடம் கேட்டு வைக்கும். நாம் குறிப்பிட்ட வரி வந்ததும் நிறுத்திவிடும். பைத்தானை நிறுவும்போதே பிடிபியும் சேர்ந்து வந்துவிடுகிறது.

இன்னொரு வசதியும் உண்டு. “இந்த மாறியின் மதிப்பு எப்போது மாறுகிறதோ, அப்போது நிறுத்து” என்றும் டீபக்கரிடம் சொல்லி வைக்கலாம். எந்த வரி மதிப்பைக் கெடுக்கிறது என்றே தெரியாதபோது இது பெரிய உதவி. இன்டெல் வகைச் செயலிகளில் இதற்கென்றே 4 இடங்கள் இருக்கின்றன. ஒரே நேரத்தில் நினைவகத்தின் 4 முகவரிகளைச் செயலியே காவல் காக்கும்.

ஏஜென்ட் எப்படிப் பார்க்கிறது?

இப்போது ஏஜென்டுக்கு வருவோம். இன்றைய செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் என்பது இரண்டு பகுதிகள் சேர்ந்தது. ஒன்று, பெரிய மொழி மாதிரி. ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பயிற்சி பெற்ற மென்பொருள் அது. அடுத்து என்ன எழுத வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே அதன் திறமை. இன்னொன்று, அந்த மாதிரிக்குக் கைகளாக இருக்கும் கருவிகள்: கோப்பைத் திறக்கும் கருவி, நிரலை ஓட்டும் கருவி, டீபக்கர் என்று பல.

மாதிரி தானாக எந்த நிரலையும் ஓட்டுவதில்லை. “இந்தக் கருவியை இப்படிப் பயன்படுத்து” என்று எழுதித் தரும். அதைச் சுற்றியிருக்கும் மென்பொருள் அந்தக் கருவியை இயக்கி, கிடைத்த விடையை எழுத்தாகவே திருப்பிக் கொடுக்கும். மாதிரி அதைப் படித்துவிட்டு அடுத்த அடியை முடிவுசெய்யும். இப்படி மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும்.

டீபக்கர் கையில் இல்லாத ஏஜென்ட் என்ன செய்யும்? நிரலைப் படித்து, மதிப்பு என்னவாக இருக்கும் என்று ஊகிக்கும். நூலக நிரலில் “9 நாளுக்குத் தவறான பதில் வருகிறது” என்று மட்டும் சொன்னால், “நாள்கள் 10க்குக் குறைவாக இருந்தால் எப்போதும் ‘சரி’ என்று சொல்” என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிடக்கூடும். 9க்கு இனிமேல் சரியான பதில் வரும். 100 நாள் வைத்திருந்தவனுக்கும் ‘சரி’ என்ற பதில்தான் வந்துகொண்டிருக்கும்! தவறு போகவில்லை, ஒளிந்துகொண்டது.

டீபக்கர் இருந்தால் என்ன நடக்கும்? ஏஜென்டுக்கும் டீபக்கருக்கும் இடையே நடக்கும் செய்திப் பரிமாற்றத்தைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

ஏஜென்ட்: வரி 3இல் பிரேக்பாயின்ட் வை.
டீபக்கர்: வைத்தாயிற்று.
ஏஜென்ட்: படிவத்தில் 9 என்று கொடுத்து நிரலை ஓட்டு.
டீபக்கர்: வரி 3இல் நின்றுவிட்டது.
ஏஜென்ட்: இங்குள்ள மாறிகளைக் காட்டு.
டீபக்கர்: நாள்கள் = '9', வகை: எழுத்துச் சரம். வரம்பு = '14', வகை: எழுத்துச் சரம்.

கவனித்தீர்களா? 9ஐயும் 14ஐயும் சுற்றி மேற்கோள் குறிகள் இருக்கின்றன. நிரலிடம் “நாள்களை அச்சிடு” என்று சாதாரணமாகச் சொல்லியிருந்தால், திரையில் வெறும் 9 என்றுதான் வந்திருக்கும். நாம் ஏமாந்திருப்போம். டீபக்கர் மதிப்போடு அதன் வகையையும் சேர்த்துக் காட்டியது. எழுத்துச் சரம் என்றால் எழுத்துகளின் வரிசை. புதிரின் சாவி அந்த மேற்கோள் குறிதான்.

57 பெரிது, 49 சிறிது

கணினிக்கு 9 என்ற எண் வேறு, ‘9’ என்ற எழுத்து வேறு. எண்ணாக இருந்தால் அதன் பைட் 00001001. எழுத்தாக இருந்தால் 00111001. பின்னதை எண்ணாகப் படித்தால் 57. விசைப்பலகையில் இருக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் இப்படி ஒரு குறியீட்டு எண் உண்டு. ‘0’ என்ற எழுத்துக்கு 48, ‘1’க்கு 49, ‘4’க்கு 52, ‘9’க்கு 57.

படிவத்தில் தட்டச்சு செய்வதும், கோப்பில் எழுதியிருப்பதும் முதலில் எழுத்தாகத்தான் நிரலுக்குள் வருகின்றன. எண்ணாக மாற்றச் சொல்லி நாம்தான் கட்டளை தர வேண்டும். நம் நிரலில் அந்தக் கட்டளை இல்லை. ஆகவே வரி 3இல் நடந்தது இரண்டு எண்களின் ஒப்பீடு இல்லை, இரண்டு சொற்களின் ஒப்பீடு. அகராதியில் சொற்களை அடுக்குவது போல முதல் எழுத்தை முதல் எழுத்தோடும், அது சமமாக இருந்தால் அடுத்ததை அடுத்ததோடும் கணினி ஒப்பிட்டிருக்கிறது.

‘9’க்கும் ‘14’க்கும் முதல் எழுத்தைப் பாருங்கள். 57, 49. முன்னது பெரிது. அந்த இடத்திலேயே தீர்ப்பு முடிந்தது: ‘தாமதம்’! ‘100’க்கும் ‘14’க்கும் பாருங்கள். முதல் எழுத்து இரண்டிலும் ‘1’, சமம். இரண்டாவது எழுத்து ‘0’, ‘4’. அதாவது 48, 52. ‘100’ சிறியதாகிவிட்டது. அதனால்தான் ‘சரி’!

இரண்டு இலக்க எண்களை மட்டும் சோதித்தால் இந்தத் தவறு வெளியே தெரியாது. 10 முதல் 99 வரை எழுத்தாக ஒப்பிட்டாலும் எண்ணாக ஒப்பிட்டாலும் ஒரே விடைதான் வரும். 12, 20, 35 என்று சோதித்தவர்கள் எல்லாம் சரி என்று நம்பியதில் வியப்பில்லை.

ஏஜென்ட் இத்தோடு நிற்காது. “இரண்டையும் எண்ணாக மாற்றி ஒப்பிட்டால் விடை என்ன?” என்று நின்றிருக்கும் நிரலிடமே கேட்டுப் பார்க்கும். “9, 14ஐவிடப் பெரிதில்லை” என்று சரியான பதில் வரும். அதன் பிறகு வரி 1இலும் வரி 2இலும் ‘எண்ணாக மாற்று’ என்ற கட்டளையைச் சேர்க்கும். 2, 9, 14, 15, 100, 139 என்று பல மதிப்புகளைக் கொடுத்து மறுபடி ஓட்டிப் பார்க்கும். எல்லாவற்றுக்கும் சரியான விடை வந்த பிறகே வேலை முடிந்தது.

ஒரே ஒரு மாறி

ஒரு மாறியின் மதிப்புக்கு இவ்வளவு அக்கறை தேவையா என்று நினைக்காதீர்கள். 1996 ஜூன் 4 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. ராக்கெட்டின் கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பை 64 பிட் இடத்திலிருந்து 16 பிட் இடத்துக்கு மாற்றும் கட்டளை அதன் மென்பொருளில் இருந்தது. அந்த 16 பிட் இடத்தில் அதிகபட்சம் 32,767 வரைதான் அடங்கும். பழைய ஏரியான் 4 ராக்கெட்டில் அந்த மதிப்பு அதைத் தாண்டியதே இல்லை. ஏரியான் 5 அதைவிட வேகமானது. மதிப்பு தாண்டியது, வழிகாட்டும் கணினி நின்றுபோனது, ராக்கெட் திசை தவறி, சுமார் 40 விநாடிகளில் வெடித்துச் சிதறியது. நல்லவேளையாக அதில் மனிதர் யாரும் பயணம் செய்யவில்லை.

மாறிகளைப் பார்த்தே ஒரு சிக்கலைத் தீர்த்த கதையும் விண்வெளியில் உண்டு. நாசா 1998இல் டீப் ஸ்பேஸ் 1 என்ற விண்கலத்தை அனுப்பியது. 1999 மே மாதம் ‘ரிமோட் ஏஜென்ட்’ என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் அந்த விண்கலத்தை ஒப்படைத்துச் சோதித்தார்கள். என்ன செய்ய வேண்டும் என்று தானே திட்டமிட்டு விண்கலத்தை நடத்திய ஏஜென்ட் அது. சோதனையின் நடுவே ஓர் இடத்தில் அது அசையாமல் நின்றுவிட்டது. விண்கலமோ கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில்! ஆனால் அந்த மென்பொருள் லிஸ்ப் என்ற மொழியில் எழுதப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கேள்வி கேட்டு அதன் நிலையைப் பார்க்கும் வசதி அதில் இருந்தது. பொறியாளர்கள் பூமியிலிருந்தே பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். மென்பொருளின் இரண்டு பகுதிகள், ஒன்றின் வேலை முடியட்டும் என்று மற்றொன்று காத்துக்கொண்டே நின்றுவிட்டன. காரணம் தெரிந்ததும் சோதனையை மறுபடி நடத்தினார்கள். திட்டமிட்ட இலக்குகள் அத்தனையும் நிறைவேறின.

பார்ப்பதற்கும் கவனம் வேண்டும்

டீபக்கரை ஏஜென்ட் கையில் கொடுக்கும்போது யோசிக்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலாவது, அளவு. ஒரு மாறிக்குள் பத்து லட்சம் பெயர்கள் கொண்ட பட்டியல் இருக்கலாம். மொழி மாதிரி ஒரு நேரத்தில் படித்து வைத்துக்கொள்ளும் எழுத்துகளுக்கு ஓர் எல்லை உண்டு. எல்லாவற்றையும் கொட்டினால் முக்கியமானது நடுவில் தொலைந்துபோகும். “மொத்தம் எத்தனை? முதல் பத்து எவை?” என்று சுருக்கிக் காட்டும் கருவிதான் நல்ல கருவி.

இரண்டாவது, தலையீடு. சில கேள்விகள் பார்ப்பதோடு நிற்காது, மதிப்பையே மாற்றிவிடும். “வரிசையில் அடுத்தவரை வெளியே எடுத்துக் காட்டு” என்று கேட்டால், அவர் வரிசையிலிருந்து வெளியே வந்துவிடுவார். பிறகு நிரல் வேறு விதமாக ஓடும். நாம் பார்த்தது நிரலின் இயல்பான நிலை இல்லை. நிறுத்துவதே சில நேரம் விளைவை மாற்றும். ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு பகுதிகள் போட்டியிடுவதால் வரும் தவறு, ஒன்றை நிறுத்தியதும் மாயமாக மறைந்துவிடும்.

மூன்றாவது, இரகசியம். மாறிகளில் கடவுச்சொல்லும் இருக்கலாம். ஒருவரின் முகவரியும் இருக்கலாம். மருத்துவக் குறிப்பும் இருக்கலாம். ஏஜென்ட் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று வரையறுத்து அனுமதி தருவது மனிதர்களின் பொறுப்பு. உண்மையான மனிதர்களின் தகவல்களை விட்டுவிட்டு, சோதனைக்கென்று செய்த போலித் தகவல்களில் வேலை செய்யச் சொல்வது நல்ல வழக்கம்.

ஏஜென்ட்கள் இந்தக் கலையில் எவ்வளவு தேறியிருக்கின்றன? மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவினர் 2025இல் ‘டீபக்-ஜிம்’ என்ற பயிற்சிக் களத்தை வெளியிட்டார்கள். அங்கே ஏஜென்ட்கள் பிடிபி டீபக்கரைப் பயன்படுத்திப் பழகலாம். 300 உண்மையான மென்பொருள் தவறுகள் கொண்ட தேர்வில், டீபக்கர் கையில் இருந்தபோது திறமையான மாதிரிகள் கூடுதலாகத் தீர்த்தன. ஆனாலும் முதலிடம் பெற்ற மாதிரிகூடப் பாதித் தவறுகளைத் தீர்க்கவில்லை. ஆய்வாளர்கள் சொன்ன காரணம் நாம் கவனிக்க வேண்டியது. ஒரு மனிதர் எதைச் சந்தேகித்தார், எங்கே நிறுத்தினார், எதைப் பார்த்தார், அதன் பின் என்ன முடிவெடுத்தார் என்ற படிப்படியான பதிவுகள், மாதிரிகள் பயிற்சி பெறும் தகவல்களில் மிகக் குறைவு. திருத்தி முடித்த நிரல்கள் உலகில் ஏராளமாக இருக்கின்றன. திருத்திய வழியை எழுதி வைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

செய்து பாருங்கள்

கணினி இல்லாமலேயே நீங்கள் டீபக்கராக மாறலாம். ஒரு தாளும் பென்சிலும் போதும். 1 முதல் 5 வரை உள்ள எண்களைக் கூட்டுவதற்காக ஒருவர் எழுதிய நிரல் இது:

வரி 1: தொகை = 0
வரி 2: எண் = 1
வரி 3: எண் 5ஐவிடச் சிறிதாக இருக்கும்வரை வரி 4ஐயும் வரி 5ஐயும் திரும்பத் திரும்பச் செய்
வரி 4: தொகை = தொகை + எண்
வரி 5: எண் = எண் + 1
வரி 6: தொகையைச் சொல்

15 என்று வர வேண்டிய விடை 10 என்று வருகிறது. தாளில் ‘சுற்று’, ‘தொகை’, ‘எண்’ என்று மூன்று பத்திகள் போடுங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் நிறுத்தி, இரண்டு மாறிகளின் மதிப்பையும் எழுதுங்கள். முதல் சுற்றில் தொகை 1, எண் 2. இரண்டாவதில் தொகை 3, எண் 3. மீதியை நீங்களே நிரப்புங்கள். எந்த மதிப்பு வந்ததும் நிரல் வெளியேறிவிட்டது என்று பாருங்கள். எந்த வரியை எப்படித் திருத்த வேண்டும் என்பது உங்கள் அட்டவணையிலேயே தெரிந்துவிடும்.

கணினி இருந்தால் ஸ்கிராட்ச் மென்பொருளில் ஒரு மாறியை உருவாக்கி, அதன் பெயருக்குப் பக்கத்தில் உள்ள கட்டத்தில் குறியிடுங்கள். மாறியின் மதிப்பு மேடையில் தெரியும். நிரல் ஓட ஓட அது மாறுவதையும் பார்க்கலாம்.

நூலகப் புதிரிலும் உங்களுக்கு ஒரு வேலை மீதி இருக்கிறது. திருத்துவதற்கு முன்பிருந்த நிரல் 1 நாளுக்கு என்ன பதில் சொல்லியிருக்கும்? 139 நாளுக்கு? 140 நாளுக்கு? ஒரு சின்ன உதவி: முதல் எழுத்துகள் எல்லாம் சமமாக இருந்து, ஒரு சொல் முன்னதாகவே முடிந்துவிட்டால், நீளமான சொல்தான் பெரிது.

இனிமேல் உங்கள் நிரல் எதிலாவது தவறு வந்தால் ஒரு குறிப்பேட்டை எடுத்து நான்கு கட்டங்கள் போடுங்கள். ‘நான் என்ன நினைத்தேன்?’, ‘எங்கே நிறுத்தினேன்?’, ‘மாறிக்குள் என்ன இருந்தது?’, ‘அதிலிருந்து என்ன தெரிந்தது?’ முதல் கட்டத்தில் ஊகத்தைத் தாராளமாக எழுதலாம்; ஊகம் இல்லாமல் எங்கே நிறுத்துவது என்றே தெரியாது. ஆனால் நான்காவது கட்டம் நிரம்பும்வரை நிரலில் ஒரு வரியைக்கூட மாற்றாதீர்கள்.